வீடும் மருத்துவமும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். திருச்சிராப்பள்ளி மாவட்டம் அப்போது பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்தது. அதை ஒட்டிய புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானம். தந்தை எஸ். நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், பின்னாளில் இசை வேளாளர் என்று பெயர் கொண்ட தேவதாசி மரபில் வந்தவர். இந்த மணத்தை நாராயணசாமி ஐயரின் சொந்தங்கள் ஏற்கவில்லை. கல்லூரி முதல்வர் என்ற மதிப்பு தெருவில் கிடைத்தது, உறவு கிடைக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் எந்தச் சாதிக் கணக்கிலும் ஒழுங்காக அடங்காதவர்களாக வளர்ந்தார்கள்.

அந்த வீட்டைத் தெரிந்துகொள்ளாமல் முத்துலட்சுமியின் பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் தொட்ட பெரிய காரியம் எதுவும் பொதுக்கொள்கையாக மட்டும் தொடங்கவில்லை. தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னால் தாய் வழி மரபு இருக்கிறது. புற்றுநோய் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு தங்கையின் சாவு இருக்கிறது.

பெண் பருவமெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்துவது அக்கால வழக்கம். முத்துலட்சுமியும் நிறுத்தப்பட்டார். தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்க, தனித்தேர்வராக 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து இன்டர்மீடியட் படிக்க ஊரில் இருந்தது ஆண்கள் கல்லூரி ஒன்றுதான். பெண் ஒருத்தி வகுப்பில் உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஊரில் எதிர்ப்பு எழுந்தது. அதிலும் தாய் யார் என்பது ஒரு கூடுதல் காரணமாயிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளிவிட்டுச் சேர்க்கைக்கு ஆணையிட்டார். திரை போட்ட வண்டியில் கல்லூரிக்குப் போய், திரை போட்ட வண்டியிலேயே முத்துலட்சுமி வீடு திரும்பினார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் எம்.பி. அண்டு சி.எம். பட்டம் பெற்றார். அறுவை மருத்துவத்தில் சிறந்த தேர்ச்சி, பதக்கங்களும் வந்தன. எழும்பூரில் அரசினர் மகப்பேறு, கண் மருத்துவமனைகளில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார்.

மேடைப் பேச்சில் அடிக்கடி இடறும் இடம் இது. இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று அவரைச் சொல்வதுண்டு. அது சரியல்ல. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்தது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் அந்த முதல் அணியில் படித்தவர். திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்களுக்கென்று சென்னையில் 1885இல் தொடங்கிய மருத்துவமனை அவருடைய முயற்சி. கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும், அமெரிக்காவில் படித்த ஆனந்திபாய் ஜோஷியும் முத்துலட்சுமி பிறந்த 1886இலேயே மருத்துவர் தகுதி பெற்றுவிட்டார்கள். சட்டமன்ற விஷயமும் இதே போலத்தான். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதல் பெண் முத்துலட்சுமி. ஆனால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1924லேயே மேரி பூனன் லூக்கோஸ் சட்டமன்ற உறுப்பினர் ஆகியிருந்தார். அவரும் மருத்துவர்தான். ‘முதல்’ என்ற பட்டத்தை எடுத்துவிட்டாலும் முத்துலட்சுமியின் பணி ஒரு துளியும் குறைவதில்லை.

திருமணத்தில் அவருக்கு நாட்டமில்லை. படித்து வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கணவன் வீடு என்னவாக இருக்கும் என்று அறிந்தே தயங்கினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது நிபந்தனை வைத்தார்: தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி எஃப்.ஆர்.சி.எஸ். பெற்ற அறுவை மருத்துவர், நிபந்தனையை ஏற்றார். மணம் 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடந்தது. சாதி கடந்த மணத்துக்கு அப்போது சட்டம் திறந்து வைத்திருந்த வாசல் அது ஒன்றே.

தம்பதிக்கு இரண்டு மகன்கள்: ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி. வீட்டில் இருந்தவர்கள் இந்த நால்வர் மட்டும் அல்ல. தந்தைக்குப் பின் தம்பி தங்கைகளின் பொறுப்பும் முத்துலட்சுமியின் தலையில்தான் விழுந்தது. அவர்களில் நல்லமுத்து, சென்னை ராணி மேரி கல்லூரியின் முதல் இந்திய முதல்வராக உயர்ந்தார். தன் தந்தையின் பேரன் ஒருவனையும் அத்தை முறையில் முத்துலட்சுமி சென்னைக்குக் கொண்டுவந்து ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லத்தில் சேர்த்தார். அந்தப் பையன் பின்னாளில் ஜெமினி கணேசன் என்ற பெயரில் திரையில் ஊர் அறிந்தவரானார்.

சுந்தரம்மாள் இன்னொரு தங்கை. 1923இல் மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். நோய் இன்னதென்று தெரியவே நாள் பிடித்தது. வீட்டில் மருத்துவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அறுவை மருத்துவர். அப்படியிருந்தும் காப்பாற்ற வழியில்லை. அன்று சென்னை மாகாணத்தில் புற்றுநோய்க்கென்று தனியாக ஒரு மருத்துவமனை கிடையாது. கதிர்வீச்சு வசதி மிக அரிது. நோயாளிகள் முற்றிய நிலையில்தான் வருவார்கள், வந்தவர்களுக்கு வலி தணிக்க மருந்து கொடுப்பதோடு சரி. இந்தச் சாவுக்கும் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறந்ததற்கும் நடுவே 31 ஆண்டுகள் கழிந்தன.

1925இல் அரசு உதவித்தொகையில் முத்துலட்சுமி இங்கிலாந்து போனார். பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி; லண்டனில் ராயல் புற்றுநோய் மருத்துவமனையிலும் சில காலம். அடுத்த ஆண்டு பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டு திரும்பினார். சென்னை வந்ததும் தனியார் மருத்துவத்தில் இறங்கியிருந்தால் செல்வம் குவிந்திருக்கும். ஆனால் இந்திய மாதர் சங்கம் அவர் பெயரைச் சட்டமன்றத்துக்கு முன்மொழிந்தது; அரசு நியமித்தது. 1927 தொடக்கத்தில் உறுப்பினராகப் போன அவரை மன்றம் எதிர்ப்பின்றித் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

மருத்துவர் ஒருவர் சட்டமன்றத்துக்குள் போனால் எதைக் கேட்பாரோ அதையே முதலில் கேட்டார்: பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை. பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்ற தீர்மானத்தையும் கொண்டுவந்தார். பிள்ளை பெறும் வயதே இல்லாத சிறுமிகளைப் பிரசவ வார்டில் பார்த்தவருக்கு அது சமூகச் சீர்திருத்தம் என்பதைவிட நோய்த்தடுப்பு. அதே நோக்கிலான குழந்தை மணத் தடைச் சட்டம், அதாவது சாரதா சட்டம், மத்திய சட்டமன்றத்தில் 1929இல் நிறைவேறியது.

பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறைக்கு எதிராக அவர் 1927 நவம்பரில் கொண்டுவந்த தீர்மானம்தான் பெரிய புயலைக் கிளப்பியது. சிக்கலின் வேர் நிலத்தில் இருந்தது.

கோயிலில் பணி செய்யும் ஒவ்வொருவருக்கும் மானியமாக நிலம் உண்டு. நாகஸ்வரக்காரருக்கு ஒரு பங்கு, மாலை கட்டுபவருக்கு ஒரு பங்கு, விளக்கு ஏற்றுபவருக்கு ஒரு பங்கு. தேவதாசிக்கும் அப்படித்தான். நஞ்சை இரண்டு காணி ஒரு குடும்பத்தின் கையில் இருக்கிறதென்றால், அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பெண் சந்நிதியில் பணி செய்துகொண்டிருக்க வேண்டும். அவளுக்கு வயதாகிவிட்டால் அடுத்த தலைமுறையில் ஒருத்திக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். பெண் பிறக்காவிட்டால் தத்து எடுத்தாவது கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நிலம் கோயிலுக்குத் திரும்பிப் போகும். தாய்க்கு மனம் வராவிட்டாலும் பாட்டியும் மாமனும் நிலத்தைக் காட்டிப் பேசுவார்கள். பொட்டு என்பது சின்னஞ்சிறு தாலி. அதைக் கட்டிய கயிற்றின் மறுமுனை வயலில் முடிச்சிட்டுக் கிடந்தது.

பொட்டுக் கட்டாதே என்று மட்டும் சட்டம் சொன்னால் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். ஆகவே 1929இல் நிறைவேறிய திருத்தம் வேறு வழியில் போனது. இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, பணிக்கும் நிலத்துக்கும் இருந்த பிணைப்பை அது அறுத்தது. பணி செய்ய வேண்டாம், நிலம் கையிலேயே இருக்கலாம். அதற்கு ஒரு தொகையைக் கட்டிவந்தால் போதும். சென்னை மாகாணத்தின் 1929ஆம் ஆண்டு 5ஆம் எண் சட்டம் என்ற வறட்டுப் பெயருக்குள் இருப்பது இதுதான். தடை எதுவும் இல்லை; பொட்டுக் கட்டுவதற்கான காரணத்தை எடுத்துவிட்டது, அவ்வளவே. நோய்க்குறியைப் போக்குவதற்கும் நோய்க்காரணத்தைப் போக்குவதற்கும் மருத்துவத்தில் உள்ள வேறுபாடு தெரிந்த கை எழுதியது என்று சொல்லத் தோன்றுகிறது.

எதிர்ப்பு வைதீகர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. தேவதாசிகளே சங்கம் கூடி அரசுக்கு மனு அனுப்பினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டி எழுப்பியவர். தங்களை விலைமகளிரோடு ஒன்றாகச் சேர்ப்பது அநீதி, சொத்துரிமையும் கல்வியும் கலையும் தங்கள் மரபில்தான் பெண்ணுக்கு இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருந்தது. இன்னொரு பக்கத்தில், அதே மரபில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் ஒழிப்பை ஆதரித்துப் பேசினார். முத்துலட்சுமி தன் தாயின் மரபில் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர். ராமாமிர்தம் பக்கம் நின்றார்.

முழுத்தடை வர மேலும் 18 ஆண்டுகள் ஆயின. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவைக் காலத்தில், 1947இல், பொட்டுக் கட்டுவது குற்றம் என்ற சட்டம் வந்தது. அதன் விளைவு பற்றி ஆய்வாளர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கோயில் தொடர்பு அறுந்தபோது ஆடத் தெரிந்த பெண்கள் மேடையையும் இழந்தார்கள். அவர்கள் ஆடிவந்த சதிர், பரதநாட்டியம் என்ற புதுப் பெயரில் வேறு வீட்டுப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. அந்த மரபின் ஆண்களுக்கு நாகஸ்வரமும் தவிலும் நட்டுவாங்கமும் மிஞ்சின, பெண்களுக்கு அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தக் கணக்கு முத்துலட்சுமியின் கையை மீறிப்போன ஒன்று. அவர் சிறுமியின் உடம்பைப் பார்த்தார். கலையைப் பார்த்தவர்கள் வேறு.

1930இல் காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி சட்டமன்றப் பதவியை விட்டார். ‘சட்டமன்ற உறுப்பினராக என் அனுபவம்’ என்ற பொருள்படும் ஆங்கில நூலை அந்த ஆண்டே வெளியிட்டார். மாதர் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மம்’ இதழையும் நடத்திவந்தார்.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, தேவதாசி வாழ்க்கையை விட்டு வெளியேறிய சிறுமிகள் எங்கே போவது? சென்னையில் பெண்கள் விடுதிகள் இருந்தன. தேவதாசிக் குடும்பத்துப் பெண் என்றதும் அவை கதவைச் சாத்தின. அடைக்கலம் கேட்டு வந்த சில சிறுமிகளை முத்துலட்சுமி தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லம் ஆயிற்று, ஆண்டு 1930. பின்னர் அடையாற்றில் சொந்த இடத்துக்குப் போய், பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்து வளர்ந்தது. ஆதரவற்ற பெண் எந்தச் சாதியானாலும் அங்கே இடம் உண்டு. படித்து முடித்தவர்கள் ஆசிரியராகவும் நர்ஸாகவும் வெளியே போனார்கள். தமிழ் மூதாட்டியின் பெயரை வைத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது: அவ்வைக்குக் கணவனும் இல்லை, சாதிக் கதையும் உறுதியில்லை, கல்வி மட்டும் உண்டு.

தங்கையின் மரணம் இந்தக் காலம் முழுக்க அவருடைய நினைவிலிருந்து இறங்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு 1935இல் வந்தபோது புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். ஆர்வம் காட்டியவர் குறைவு. குணமாகாத நோய்க்கு எதற்கு மருத்துவமனை, அந்தப் பணத்தில் காலராவையும் அம்மையையும் ஒழிக்கலாமே என்ற கேள்வி படித்தவர்களிடமும் இருந்தது. கேள்வி முழுக்க மூடத்தனமானது அல்ல. அன்றைய மாகாணத்தில் தொற்றுநோய்தான் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. முத்துலட்சுமியின் பதில் எளிது: ஆரம்பத்தில் கண்டால் குணமாகும், கண்டுபிடிக்க ஓர் இடம் வேண்டும். வாய்ப்புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் அன்றைய தமிழ்நாட்டில் அதிகம். இரண்டும் மருத்துவர் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் அறியக்கூடியவை, கதிர்வீச்சுக்கு இணங்கக்கூடியவை.

மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி திரண்டது. இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி இதற்குள் மருத்துவராகி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புற்றுநோய் மருத்துவம் கற்றுவந்தார். சித்தியின் சாவிலிருந்து தொடங்கிய காரியத்தில் பிள்ளை வந்து சேர்ந்தது இப்படித்தான். அடையாற்றில் நிலம் கிடைத்தது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு, சிறிய குடில்களில், மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67.

அடுத்த ஆண்டு வி. சாந்தா என்ற இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அரசுப் பெண்கள் மருத்துவமனையில் நிலையான வேலை கிடைத்திருந்தும் அதை விட்டுவிட்டு, சம்பளத்துக்கு நிச்சயமில்லாத இந்த இடத்துக்கு வந்தார். கிருஷ்ணமூர்த்தி, சாந்தா என்ற இருவரும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த வளாகத்தை நடத்தினார்கள். 1957இல் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி அங்கே வந்தது. ஆசியாவில் அதுபோன்ற முன்னோடிக் கருவிகளில் அது ஒன்று. காசு உள்ளவர் கட்டுவார், இல்லாதவர் கட்ட வேண்டாம் என்பது தொடக்கத்திலிருந்தே விதி. நோயாளியோடு வரும் குடும்பம் தங்க இடமும், உடல்நிலை ஏட்டைப் பல ஆண்டு காத்துவைக்கும் பதிவகமும் வைத்திருந்தார்கள். சிகிச்சை முடிந்தவர் மறுபரிசோதனைக்கு வராவிட்டால் அஞ்சலட்டை போகும். கிருஷ்ணமூர்த்தி 2010இல் காலமானார்; சாந்தா 2021இல், அதே வளாகத்தில் வாழ்ந்தபடியே.

முத்துலட்சுமி மாநிலச் சமூகநல வாரியத்தின் முதல் தலைவராக இருந்தார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். அடையாற்று மருத்துவமனை காலூன்றியதைப் பார்த்துவிட்டு, 1968 ஜூலை 22 அன்று சென்னையில் மறைந்தார். எட்டு நாள் கூட இருந்திருந்தால் 82 முடிந்திருக்கும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வையம்பட்டி, மணப்பாறைப் பக்கத்து ஊர்களில் அவர் பெயர் இன்று வேறு ஒரு வழியாகப் புழங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பெண்ணுக்கு ‘பிக்மி நம்பர்’ கிடைக்கிறது. அதைக் கொண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். 1980களின் இறுதியில் 300 ரூபாயில் தொடங்கிய திட்டம் அது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று வளர்ந்தது. இந்த 18,000இல் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும், மீதி தவணை தவணையாகப் பணமாக. கர்ப்பத்தை உரிய காலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும், பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அந்தந்தக் கட்டம் முடிந்தால் அந்தந்தத் தவணை வரும். கிராம சுகாதாரச் செவிலியர் வங்கிப் புத்தகத்தின் நகலைக் கேட்கும்போது கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ உள்ள கணக்கைக் கொண்டுவந்து நீட்டுபவர்கள் உண்டு. அது செல்லாது. கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும்.